சொல்லாகாத கப்பல்

கடையம் சந்தையில் ஒரு தரகரைப் பற்றி விசாரித்தால், 'அவன் பெரிய எம்டன்' என்ற பதில் இன்றும் வரக்கூடும். தந்திரசாலி, அசகாய சூரன், எளிதில் அகப்படாதவன் என்றெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பொருள் விரியும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொருநையின் கிளையாறுகள் இறங்கிவரும் இம்மலையடிவாரத்திலிருந்து தூத்துக்குடிக் கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. அத்தனை தூரம் கடந்து ஒரு கப்பலின் பெயர் வயற்காட்டுப் பேச்சுக்குள் வந்து குடியேறியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'எம்டன் மகன்' திரைப்படம், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்கை முன்னிட்டு 'எம் மகன்' ஆயிற்று. ஊரெல்லாம் புழங்கும் சொல்லைத் தமிழன்று என்று அரசாணை கருதிக்கொண்டதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதை இத்துடன் விடுவோம்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் இருளில் மறைந்தது. உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்திற்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், கொக்கோஸ் தீவுகளுக்கருகில் 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை நொறுக்கிக் கரை தட்டச் செய்தது. அதன் கதை அங்கே முடிந்தது, தமிழில் முடியவில்லை. செண்பகராமன் அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதையையும் நாம் சேர்த்துக்கொண்டோம். அதற்கு ஏற்கத்தக்க சான்று கிடைத்ததில்லை. எனினும் எதிரியின் எதிரியாக வந்த கப்பலில் நம்மவர் ஒருவரை ஏற்றிப் பார்க்கும் ஆசையை அக்கதை நன்றாகவே காட்டுகிறது.

நாம் சொல்ல வந்தது வேறொரு கப்பலைப் பற்றி. எம்டன் வீழ்ந்து இருபத்தெட்டு ஆண்டுகள் இரண்டு நாட்கள் கழித்து, அதே கொக்கோஸ் தீவுகளிலிருந்து தென்மேற்கே சுமார் ஐந்நூறு கடல்மைல் தொலைவில் போரிட்ட கப்பல் அது. அதில் இருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். அதன் பெயர் 'பெங்கால்'. தமிழில் அது ஒரு சொல்லாகவில்லை; ஒரு கதையாகக்கூட ஆகவில்லை.

காவற்கப்பல்கள் என்ற இனம் போரின் அவசரத்தில் பெருகியது. பருத்தி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் இரவில் வரிசையாகத் தூத்துக்குடிக்குச் செல்லும்போது, முன்னும் பின்னும் தடியோடு காவல்காரர்கள் நடந்தார்களல்லவா, அதே ஏற்பாடுதான் கடலில். சரக்குக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் தனியே போனால் நீர்மூழ்கிக்கு இரையாகும். பெரிய நாசகாரிக் கப்பல்களை அவற்றுக்குத் துணையாக அனுப்பக் கட்டுபடியாகாது. எனவே சிறிய, மலிவான, மெதுவான துணைக்கப்பல்களைக் கூட்டங்கூட்டமாகக் கட்டினார்கள். கொர்வெட், ஸ்லூப், துணை நாசகாரி என்று நாட்டுக்கும் அளவுக்கும் ஏற்பப் பெயர் மாறும், வேலை ஒன்றே. ஆஸ்திரேலியா 'பாதர்ஸ்ட்' வகையில் அறுபது கப்பல்களைக் கட்டியது. கண்ணிவெடி அகற்றவும் துணை செல்லவும் பயன்பட்ட அவற்றில் நான்கு இந்தியக் கடற்படைக்கு வந்தன: பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். நம் மாகாணத்தின் பெயரிலும் ஒன்று மிதந்திருக்கிறது.

பெங்கால் கட்டப்பட்டது சிட்னி நகரின் காக்கட்டூ கப்பல்துறையில். எம்டனை வீழ்த்திய கப்பலின் பெயரும் சிட்னி என்பதை நினைத்துக்கொள்ளலாம், தற்செயல்தான். 1942 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு ஆகஸ்டில் பணியேற்றது. அதே ஆகஸ்டில்தான் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. இந்த ஒரு மாதப் பொருத்தத்திலேயே, இக்கப்பல் நம் நினைவில் இடம்பெறாமற் போனதன் காரணம் பாதி அடங்கியிருக்கிறது.

அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பும் திரிகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை கிலிபிடித்துக் காலியானது. மக்கள் கிடைத்த வண்டியில் சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். இந்துமாக்கடலில் 'ஹோகோகு மாரு', 'ஐகோகு மாரு' என்ற இரு ஜப்பானியக் கப்பல்கள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. இரண்டும் பயணிக் கப்பல்களாகத் தோன்றி, பீரங்கிகளும் டார்பிடோக்களும் பொருத்தப்பட்டுப் போர்க்கப்பல்களாக மாறியவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். மே மாதம் ஜெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும், ஜூலையில் ஹவுராக்கி என்ற நியூசிலாந்துக் கப்பலையும் அவை சிறைபிடித்திருந்தன.

பெங்காலோ எழுநூறு டன் அளவுக் கப்பல். மணிக்குப் பதினைந்து கடல்மைல் வேகம். அதற்கு உரிய நான்கு அங்குலப் பீரங்கி கிடைக்காததால், ஒரேயொரு பன்னிரண்டு பவுண்டுப் பீரங்கியை முன்தளத்தில் பொருத்தி அனுப்பியிருந்தார்கள், குண்டுகளும் குறைவு. 1942 நவம்பர் தொடக்கத்தில் 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக, ஃப்ரீமாண்டிலிலிருந்து டீகோ கார்சியா நோக்கிப் புறப்பட்டது. ஒண்டினாவின் பின்தளத்தில் ஒரு நான்கு அங்குலப் பீரங்கியும் அதற்கு முப்பத்துச் சொச்சம் குண்டுகளும் இருந்தன. காவலுக்கு வந்தவனைவிடக் காக்கப்படுபவனிடம் பெரிய ஆயுதம். நிலைமை அதுதான்.

நவம்பர் 11 முற்பகலில் அவ்விரு ஜப்பானியக் கப்பல்களும் தொடுவானில் தெரிந்தன. பெங்காலின் தலைவர் வில்லியம் ஜோசப் வில்சன். ஒண்டினாவை விலகிப் போகுமாறு பணித்துவிட்டுத் தம் கப்பலை எதிரியை நோக்கியே திருப்பினார். ஓடினால் இருபது கடல்மைலுக்கு மேல் வேகமுள்ள கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் பிடித்துவிடும். கிட்டே போனால்தான் சிறிய பீரங்கிக்கு இலக்கு எட்டும். எண்ணெய்க் கப்பலுக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வீரம் என்று சொல்லப்படுவது பல சமயங்களில் இப்படியொரு கணக்காகத்தான் இருக்கிறது. புறத்திணையைப் பாடமாகக் கற்பிக்கும் நமக்குத் தூசிப்படையும் தார்நிலையும் நினைவுக்கு வந்தாலும், அவ்வொப்புமையை நீட்ட விரும்பவில்லை. அந்தப் பீரங்கியருகே நின்றவனுக்குத் தன் வேந்தனைப் பாடும் புலவன் எவனும் இல்லை. வேந்தனும் அவனுடையவன் அல்லன்.

பெங்காலும் ஒண்டினாவும் சுட்டன. ஹோகோகு மாருவின் பின்பகுதியில் ஒரு குண்டு பாய்ந்து தீப்பற்றியது. அடுத்தடுத்து வெடிப்புகள் எழுந்தன. சிறிது நேரத்தில் அப்பெருங்கப்பல் மூழ்கியது. ஜப்பானியர் எழுபதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அந்தக் குண்டு யாருடையது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. டச்சுக்காரர்கள் தங்கள் நான்கு அங்குலப் பீரங்கியைச் சொல்வார்கள்; இந்தியக் கடற்படை வரலாறு பெங்காலைச் சொல்லும். பெரிய பீரங்கியின் பக்கம் நிகழ்தகவு கூடுதல் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பெங்கால் முன்னேறிச் சென்று குண்டுகளைத் தன்மேல் வாங்கிக்கொள்ளாதிருந்தால், ஒண்டினாவுக்குக் குறிபார்க்க அவகாசம் இருந்திராது.

குண்டுகள் ஏறக்குறையத் தீர்ந்த நிலையில், பின்பகுதியில் தீயோடு, புகைத்திரை விரித்துப் பெங்கால் விலகியது. ஒண்டினா அழிந்துவிட்டது என்று அது எண்ணியது. ஒண்டினாவில் இருந்தவர்கள் பெங்கால் மூழ்கியிருக்கும் என்று எண்ணினார்கள். ஒண்டினாவின் தலைவர் வில்லெம் ஹார்ஸ்மன் குண்டுச் சிதறலில் இறந்தார். ஊழியர்கள் படகுகளில் இறங்கினார்கள். ஐகோகு மாரு இரண்டு டார்பிடோக்களை ஏவியது. படகுகள் மீதும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. பிறகு தன் தோழமைக் கப்பலின் ஆட்களை மீட்டுக்கொண்டு சென்றுவிட்டது. அத்தனைக்குப் பிறகும் ஒண்டினா மூழ்கவில்லை. ஆட்கள் திரும்ப ஏறித் தீயை அணைத்து, சாய்ந்த கப்பலை நிமிர்த்தி, நவம்பர் 18 அன்று ஃப்ரீமாண்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெங்கால் அதற்கு முந்தின நாளே டீகோ கார்சியாவை அடைந்திருந்தது. பெங்காலில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒண்டினாவில் அதிகாரிகள் டச்சுக்காரர்கள், பணியாளரில் பெரும்பகுதி சீனர்கள், பீரங்கிக்குப் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள். பெங்காலில் ஆங்கிலேயத் தலைவரின் கீழ் இந்தியர்கள். நண்பகல் வெயிலில் யாருமற்ற நடுக்கடலில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்களில், அந்தப் போரைத் தாமே விரும்பித் தொடங்கியவர் எவரும் இல்லை.

இது ஏன் நமக்குத் தெரியாமற் போயிற்று? தமிழ் மனம் கப்பல்களை மறக்கும் மனம் அன்று. வ.உ.சி.யின் கேலியாவையும் லாவோவையும் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். அவருக்குத் தோள்கொடுத்துப் பத்திரிகையில் எழுதிய பாரதி, 1918 இறுதி முதல் 1920 வரை செல்லம்மாவின் ஊரான கடையத்தில்தான் இருந்தார். அதனாலேயே இவ்வூருக்கு ஒரு பேர். வ.உ.சி.யின் கப்பல் நம் கட்சி. எம்டன் எதிரிக்கு எதிரி. இரண்டுக்கும் மனத்தில் நிறுத்துமிடம் இருந்தது. பெங்கால் ஆங்கில அரசின் கொடியோடு சென்றது. அதில் நின்றவன் நம்மவன். பின்னாளில் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களுக்குப் பாடல்களும் நினைவுக் கூட்டங்களும் உண்டு, அது நியாயமே. ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் அப்போர்க்காலத்துத் தென்கிழக்காசியத் தமிழர்களை எழுதிவைத்தார். எதிர்ப்பக்கத்தில் சீருடை அணிந்திருந்தவன்தான் இலக்கியத்திலும் இல்லை, மேடையிலும் இல்லை.

போர் தொடங்கியபோது இந்தியக் கடற்படையில் இருந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. முடியும்போது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. முன்பு பெரிதும் கொங்கணக் கரையிலும் பஞ்சாபிலும் ஆள் எடுத்தவர்கள், தேவை பெருகியதும் சென்னை மாகாணத்துக்கும் வந்தார்கள். நம் குடும்பத்திலும் சின்னத் தாத்தா ஒருவர் அப்படிப் போனவர். பெங்காலில் அன்று, பம்பாயில் வேறொரு சிறு கப்பலின் கொதிகலன் அறையில் வேலை. ஊரில் அவரைக் 'கப்பல்காரர்' என்பார்கள். அதில் மரியாதை பாதி, கேலி பாதி. அவருடைய பதக்கங்கள் தகரப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தன. சுதந்திர தின விழாவுக்குத் தியாகிகளை அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். இவர் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்பார். கல்லூரி நாட்களின் துடுக்கில், "யாருக்காகச் சண்டை போட்டீங்க தாத்தா?" என்று நாம் கேட்டதுண்டு. "சோத்துக்குப் போனேம்ல. வேற என்னத்துக்கு?" என்றார். கோபம் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

சோறு என்ற அச்சொல்லின் கனம் பின்னால்தான் விளங்கியது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' பயிற்சி நிலையத்து மாலுமிகள் உண்ணத்தகாத உணவை மறுத்தார்கள். அந்த மறுப்பில் தொடங்கிய கிளர்ச்சி சில நாட்களில் எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குப் பரவியது. சுமார் இருபதாயிரம் பேர் கலந்துகொண்டார்கள். காங்கிரஸ், லீக் கொடிகளோடு செங்கொடியும் ஏறியது. தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள். 23ஆம் நாள் சரணடைந்தார்கள். வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களை இந்தியாவும் பாகிஸ்தானும் பின்னர் தம் கடற்படையில் சேர்த்துக்கொள்ளவில்லை. அரசனுக்காகப் போரிட்டபோதும் அவர்கள் நம்மவராகவில்லை; அரசனை எதிர்த்தபோதும் ஆகவில்லை. இதை எழுதும்போது நமக்கு எழும் கசப்பை மறைக்க வேண்டியதில்லை.

1947இல் மேசை நாற்காலிகளைப் போலவே கப்பல்களும் பங்கிடப்பட்டன. ஆறுகளின் பெயர் தாங்கிய ஆறு ஸ்லூப்புகள் இருந்தன. சட்லெஜ், ஜம்னா, கிஸ்ட்னா, காவேரி இந்தியாவுக்கு. நர்மதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்கு. பஞ்சாபத்து நதி இங்கே தங்க, தக்காணத்து நதி கராச்சிக்குப் போயிற்று. அங்கே நர்மதா 'ஜீலம்' என்றும் கோதாவரி 'சிந்து' என்றும் பெயர் மாறின. காவேரி 1961இல் கோவா நடவடிக்கையில் பங்கெடுத்தது. பெங்கால் இந்தியாவின் பங்குக்கு வந்தது. அதன் பெயருக்குரிய மாகாணம் இரண்டாகப் பிரிந்திருந்தது, கப்பல் ஐ.என்.எஸ். பெங்கால் என்று முழுதாக இன்னும் சில ஆண்டுகள் ஓடி, 1960இல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று.