சுடருக்குச் சாட்சி

சமையலறையில் காஸைத் திறந்துவிட்டுத்தான் லைட்டரைத் தட்டுகிறோம். பற்றியதா இல்லையா என்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். பற்றாவிட்டால் கை குமிழைத் திருப்பிவிடும். கனடாவில் வீட்டு பேஸ்மென்டில் நிற்கும் காஸ் ஃபர்னஸுக்குக் கண்ணும் கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. வீடே தூங்கும்போது தானே பற்றி, தானே அணைய வேண்டும். அதனால் அது காரியத்தைத் தலைகீழாகச் செய்கிறது: முதலில் சூடு, பிறகுதான் காஸ். அதற்கும் முன்னால் ஏகப்பட்ட விசாரணை.

அந்த விசாரணையை நடத்தும் மின்சுற்றுப் போர்டை வேலை செய்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று, ஸ்காபரோவில் ஃபர்னஸ் திருத்தும் ஒரு தம்பியின் வான் வண்டியில் ஜனவரிக் குளிரில் தொற்றிக்கொண்டேன். வடமராட்சிக்காரர். வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவியவர். பிறகு படித்து, காஸ் வேலைக்கான ஜி3 உரிமம் எடுத்து, ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் வேலை பழகி, இப்போது ஜி2. மணிக்கு 4 இலட்சம் பி.டி.யு. வரையிலான காஸ் கருவிகளில் அவர் தனியாகக் கைவைக்கலாம். வீட்டு ஃபர்னஸ் எல்லாம் அதற்குள் அடக்கம்.

முதல் வீட்டில் ஒரு அன்ரி கம்பளிச் சால்வையோடு கதவைத் திறந்தார். "இரவு முழுக்க இதுதான் தம்பி. பத்துது, பத்தி ஒரு அஞ்சு செக்கனிலை நூந்து போகுது."

தம்பி கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஃபர்னஸுக்கு முன்னால் உட்கார்ந்தார். "தெர்மோஸ்டாட்டைக் கூட்டி விடுங்கோ அன்ரி. அண்ணை, நீங்கள் காதைக் குடுங்கோ."

மேலே தெர்மோஸ்டாட் 24 வோல்ட் சமிக்ஞையைக் கீழே அனுப்புகிறது. உடனே ஒன்றும் பற்றுவதில்லை. அளவு மீறிச் சூடானால் அறுக்கும் சுவிட்சுகள் சரியாக இருக்கின்றனவா என்று போர்ட் முதலில் பார்க்கிறது. அடுத்தது காற்றழுத்த சுவிட்ச். புகையை வெளியே இழுக்கும் சிறு மோட்டார் ஓடினால்தான் அது மூட வேண்டும். மோட்டார் ஓடுமுன்பே மூடியிருந்தால் அந்த சுவிட்சை நம்ப முடியாது, அதோடு வேலை நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். "ஆம்" என்ற பதிலைக் கேட்பதற்கு முன், "இல்லை" என்று சொல்லத் தெரியுமா என்று சோதித்துவிட்டே போர்ட் அடுத்த படிக்குப் போகிறது.

மோட்டார் ஊளையிடத் தொடங்கியது. முந்தைய சுற்றில் எஞ்சிய காஸ் ஏதும் இருந்தால் இந்தச் சில விநாடிகளில் வெளியே போய்விடும். பிறகு பற்றவைப்பான், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. பழைய ஃபர்னஸ்களில் சிலிக்கன் கார்பைடு, புதியவற்றில் பெரும்பாலும் சிலிக்கன் நைட்ரைடு. ஜன்னல் துளை வழியாகப் பார்த்தேன்: மங்கிய சிவப்பு, செம்மஞ்சள், கடைசியில் பார்க்கக் கூசும் வெளிச்சம். ஆயிரம் டிகிரிக்கு மேல். அப்போதுதான் "டக்" என்று காஸ் வால்வு திறந்தது. அந்த வால்வுக்குள்ளும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடைப்புகள், ஒன்று சிக்கிக்கொண்டாலும் மற்றது மூட. முதல் பர்னரில் பற்றிய நெருப்பு வரிசையாக ஓடிக் கடைசி பர்னருக்குப் போனது. நீலச் சுடர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து விநாடி. அணைந்தது.

"நெருப்பு நல்லா வந்தது. ஆனா போர்டுக்கு அது தெரியேல்லை," என்றார் தம்பி.

கடைசி பர்னரின் சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய உலோகக் கம்பிதான் சுடருக்குச் சாட்சி. அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: அங்கே நெருப்பு வந்திருந்தால் இடையில் உள்ள எல்லா பர்னரும் பற்றியிருக்க வேண்டும். கம்பிக்குப் போர்ட் ஏசி மின்சாரம் கொடுக்கிறது. சுடரில் அயனிகள் இருப்பதால் அதன் வழியே துளி மின்சாரம் ஓடும். ஒருபக்கம் ஒல்லிக் கம்பி, மறுபக்கம் பெரிய இரும்பு பர்னர். பரப்பு சமமில்லாததால் ஓட்டம் ஒரு திசையில் மிகுந்து டிசி ஆகிறது. கம்பி எங்காவது முட்டினாலும், ஈரம் பட்டாலும் மின்சாரம் ஓடத்தான் செய்யும், ஆனால் அது ஏசியாகவே இருக்கும். போர்ட் அதைச் சாட்சியாக எடுக்காது. நெருப்பைத் தவிர வேறெதுவும் நெருப்புப் போல நடிக்க முடியாத ஏற்பாடு. இதைக் கண்டுபிடித்த மூளையை நினைத்து வியந்துகொண்டே இருந்தேன்.

மீட்டரைத் தொடரில் இணைத்தார். 0.4 மைக்ரோ ஆம்பியர். ஒரு திருகாணியைக் கழற்றிக் கம்பியை வெளியே எடுத்தார். வெள்ளைச் சாம்பல்போல ஒரு படலம். நகத்தால் சுரண்டினால்தான் தெரியும். வாடகைக்கு விட பேஸ்மென்டைத் தடுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தச் சுவர்ப்பலகைத் தூசியையெல்லாம் ஃபர்னஸ் காற்றோடு இழுத்து எரித்திருக்கிறது. மெல்லிய உருக்குப் பஞ்சால் தேய்த்தார். "மணல்தாள் போடக் கூடாது, கீறல் விழும்." மறுபடி பூட்டிப் பார்த்தபோது 3.2. சுடர் நின்றது. அரை நிமிடம் கழித்துக் காற்றாடி ஓடி, அன்ரியின் காலடியில் கதகதப்பு ஏறியது.

முதல்நாள் வந்த வேறொருவர் போர்டையே மாற்ற வேண்டும் என்று விலை சொல்லிப் போனாராம். போர்ட் பழுதாவது உண்டுதான். ஆனால் எந்தப் படியில் நின்றது என்று பாராமல் பாகம் மாற்றுவதைத் தொழில் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. இந்த ஊரில் வீடுவீடாக வந்து புது ஃபர்னஸ் ஒப்பந்தத்தில் முதியவர்களிடம் கையெழுத்து வாங்கியவர்களின் கதை ஏராளம். 2018 மார்ச்சில் ஒன்ராறியோ அரசு அந்த வாசல் வியாபாரத்தையே தடைசெய்தது.

முன்பெல்லாம் இந்தக் கம்பிக்குப் பதிலாக, ஓயாமல் எரியும் சிறு பைலட் சுடரும், அதன் சூட்டில் சில பத்து மில்லிவோல்ட் உண்டாக்கி வால்வைத் திறந்து பிடிக்கும் வெப்பஇணையும்தான். சுடர் அணைந்தால் அது ஆறி வால்வை விட அரை நிமிடத்துக்கு மேல்கூட ஆகும். இன்றைய கம்பி ஓரிரு விநாடியில் சொல்லிவிடும்.

அடுத்த வீட்டில் வேலை சுருக்கம்: வெளிச்சுவரில் நீட்டியிருந்த வெள்ளைக் குழாயின் வாயைப் பனி மூடியிருந்தது. காற்றழுத்த சுவிட்ச் மூடவில்லை, போர்ட் பற்றவிடவில்லை. தம்பி மண்வெட்டியால் பனியைத் தள்ளினார். ஆனாலும் உள்ளே போய் கார்பன் மொனொக்சைட் அலாரத்தை அமத்திப் பார்த்துவிட்டே புறப்பட்டார். 2008இல் ஒன்ராறியோவின் உட்ஸ்டாக்கில் புகைவழி அடைத்து ஒரு குடும்பமே, நான்கு பேர், இறந்த பிறகு 2013இல் வந்த சட்டம் அந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது.

கடைசி வீட்டில்தான் அவர் முகம் மாறியது. காற்றழுத்த சுவிட்சின் இரண்டு முனைகளையும் யாரோ சிறு வயரால் இணைத்திருந்தார்கள். புகை போனாலும் போகாவிட்டாலும் போர்டுக்கு எப்போதும் "சரி". மோட்டார் ஓடுமுன் சோதிக்கும் வழக்கம் இல்லாத பழைய போர்ட், அதனால் ஏமாந்திருக்கிறது. காஸை மூடிவிட்டு வயரை வெட்டினார். உண்மையான கோளாறு சுவிட்சுக்குப் போகும் ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு. வானில் இருந்த துண்டில் அளந்து வெட்டிப் பொருத்தினார்.

"இரண்டு வருசமா அந்த வயரோடை நல்லாத்தானே ஓடினது," என்றார் வீட்டுக்காரர். "அதைத் தாங்கோ தம்பி, வச்சிருப்பம்."

"தர மாட்டன் ஐயா," என்று வயரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தம்பி பில் எழுதத் தொடங்கினார்.