ஏட்டில் உறையும் குரல்கள்

பல்லாண்டுகள் செய்யுளும் உரையும் பாடஞ்சொல்லி ஓய்வு பெற்றவன் யான். அண்மையில் நாட்டலி சீமன் டேவிசு என்னும் அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன். கல்வித்தொண்டு எத்துணைத் திண்மையை வேண்டுவது என்பதை அஃது எனக்கு நன்கு உணர்த்திற்று.

அம்மையார் 1928-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மக்களின் எழுத்தும் வாழ்வும் அவர் ஆய்ந்த பொருள்கள். லியோன் நகரத்து அச்சுத் தொழிலாளர் 1539-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள். அவர்களைப் பற்றி ஆராய 1952-இல் அந்நகர் சென்று பழம்பத்திரங்களைப் பயின்றார்.

நாடு திரும்பிய சின்னாளில் இடர் சூழ்ந்தது. குடிமக்களின் அரசியற் கொள்கைகளை அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று துருவி வினவிய காலம் அது. அக்குழுவைக் கண்டித்து வெளிவந்த சிறு நூலை ஆக்கியதில் அம்மையாருக்கும் பங்கு இருந்தது. அரசு அவருடைய கடவுச்சீட்டையும் கணவருடைய கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டது. ஆராய வேண்டிய பத்திரங்களோ கடலுக்கு அப்பால்! யாது செய்வார்?

அவர் சோர்ந்தாரல்லர். லியோனில் அச்சான பழைய நூல்கள் நியூயார்க் முதலிய நகரங்களின் நூலகங்களில் இருந்தன. தொழிலாளர் வாழ்ந்த ஊருக்குச் செல்ல இயலாதவர், அவர்கள் கோத்த எழுத்துகளிடையே அவர்களைத் தேடினார். மூன்று மக்களை வளர்த்துக்கொண்டே 1959-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் டொராண்டோ, பெர்க்கிலி, பிரின்ஸ்டன் ஆகிய இடங்களிற் பேராசிரியராய் விளங்கினார். 1987-இல் அவர் வெளியிட்ட நூலொன்று என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. கொலைக்குற்றத்திற்கு ஆளான பிரெஞ்சு மக்கள் மன்னனிடம் மன்னிப்பு வேண்டி விடுத்த விண்ணப்பங்களைப் பற்றியது அந்நூல். நிகழ்ந்ததை உளங்கொள்ளுமாறு எடுத்துரைத்தல் வேண்டும். இன்றேல் உயிர் தப்புவது அரிது. உழவரும் கைவினைஞரும் பெண்டிரும் சொல்ல, எழுத்தர் எழுதினர். இவை மெய்யோ பொய்யோ என்ற அளவில் அம்மையார் நின்றாரல்லர். எதனை முன்வைத்தனர், எதனை மறைத்தனர், எச்சொல்லைத் தேர்ந்தனர் என நுணுகி நோக்கினார். செய்யுளுக்கு உரை காண்பாரும் இவ்வாறன்றோ நோக்குவர்! புலவர் பாட்டுக்கு நாம் அளிக்கும் கருத்தை எளியோர் சொல்லுக்கும் அவர் அளித்தார்.

2023-ஆம் ஆண்டு தம் தொண்ணூற்று நான்காம் அகவையில் அம்மையார் மறைந்தார். கடவுச்சீட்டைப் பறித்தவர்களால் அவர்தம் கல்வியைப் பறிக்க இயலவில்லை. மாணவர்களே, வழியொன்று அடைபடின் மற்றொன்றை நாடுங்கள். எளியோர் சொல்லையும் செவிசாய்த்துக் கேளுங்கள்.