காரைக்குடியில் ஏசி மாட்டுபவர்கள்

ஏசி மெக்கானிக்காகத் தொழில் செய்ய இந்தியாவில் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. வீட்டுக்கு ஒயரிங் செய்யும் ஒப்பந்ததாரர் மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அவரிடம் வேலை பார்க்கும் ஒயர்மேனுக்குத் தகுதிச் சான்று வேண்டும். அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்தில், 400 பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏறும் ஓர் இயந்திரத்தை மாட்டுபவருக்கும் அதில் வாயு நிரப்புபவருக்கும் அப்படி ஒரு தாள் கிடையாது. ஸ்பேனர் செட், கேஜ், ஒரு சிலிண்டர், ஒரு பைக் இருந்தால் கடை போடலாம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் அங்கே இந்தத் தொழில் இன்னும் விசிட்டிங் கார்டையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லையும் நம்பித்தான் நடக்கிறது.

தொழிலுக்கு வரும் வழிகள் இரண்டு. ஐடிஐயில் குளிர்பதனத்துக்கென்றே இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். படித்தவர்களில் பலர் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களில் கணிசமானோர் இரண்டாவது வழியில் வந்தவர்கள். ஒரு மெக்கானிக்குக் கையாளாகச் சேர்ந்து, ஏணி பிடித்து, ஃபில்டர் கழுவி, நான்கைந்து கோடைகள் கழிந்ததும் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொண்டவர்கள். கைப்பழக்கத்தில் இவர்கள் குறைந்தவர்கள் அல்ல. செப்புக் குழாயின் முனையைக் கிண்ணம்போல் விரிக்கும் ஃபிளேரிங் வேலையை ஐடிஐ முடித்த புதியவரைவிட நன்றாகவே செய்கிறார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் குறை.

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு செட்டிநாட்டு வீட்டில் பார்த்தால் விளங்கும். அந்த வீடுகளே ஒருவகைக் குளிர்சாதனம்: தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று மேலேறி முற்றத்தின் வழியே வெளியேற, வளவில் பகலிலும் இதம் இருக்கும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் உள் அறைகளுக்கு அந்தக் காற்றோட்டம் எட்டாது. மே மாதத்தில் வெளியூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வரும்போது அந்த அறைகளுக்குத்தான் ஏசி கேட்கிறார்கள்.

அப்படியொரு அறையில் முதல் சிக்கல் கொள்ளளவு. ஒரு டன் என்பது இயந்திரத்தின் எடையைக் குறிப்பதில்லை. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை, அதாவது மணிக்கு 12,000 பிடியூவை, அறையிலிருந்து வெளியேற்றும் திறன். (அவுட்டோர் யூனிட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்றரை டன்னா இது?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) கடையில் தரையின் சதுர அடியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பதினான்கு அடி உயரக் கூரையும், சாத்தினாலும் இடுக்கு விடும் பழைய மரக் கதவும் இருக்கும் அறையில் அந்தக் கணக்கு செல்லாது. "ஆச்சி, இந்த ரூமுக்கு ஒரு டன் பத்தாது, மேல ஃபால்ஸ் சீலிங் போட்டா வேணா பாக்கலாம்" என்றார் மெக்கானிக். தேக்கு உத்திரத்தை மறைக்க ஆச்சிக்கு மனமில்லை. ஒன்றரை டன் என்று முடிவாயிற்று.

இரண்டாவது சிக்கல் சுவர். குழாய் வெளியே போக ஏறத்தாழ இரண்டரை அங்குல விட்டத்தில் ஒரு துளை வேண்டும். தண்ணீர் வடிவதற்காக அது வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் சில நிமிடங்களில் முடியும் இந்த வேலை, இரண்டு அடிச் சுண்ணாம்புச் சுவரில் அரை நாளை விழுங்குகிறது. வேகமாக அடித்தால் பளிங்குபோல் தேய்த்த பழைய பூச்சு தகடுதகடாகப் பெயர்ந்து விழும். அதை அதே சுண்ணாம்பில் மறுபடி பூச ஆள் கிடைப்பது அரிது. சிமெண்டைத் தடவிவிட்டுப் போகிறார்கள். வெள்ளைச் சுவரில் சாம்பல் நிற ஒட்டு என்றைக்கும் தெரியும்.

குழாயை இணைத்தபின் வருவதுதான் வேலையின் உயிர். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். இதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஆர்-22 வாயுவில் ஓடிய பழைய இயந்திரங்களில் பயன்பட்ட கனிம எண்ணெய் ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. இப்போதைய ஆர்-32, ஆர்-410ஏ கம்ப்ரசர்களில் உள்ள செயற்கை எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அமிலமாகும், கம்ப்ரசர் சுருளின் பூச்சை அரிக்கும். இருந்தும், சீசன் நெருக்கடியில் ஒரு நாளைக்கு நான்கைந்து வீடு பார்க்க வேண்டியவர் பம்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார். அவுட்டோரில் இருக்கும் வாயுவையே கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிடுவார். அன்றைக்கு அறை நன்றாகத்தான் குளிரும். மூன்றாம் ஆண்டில் கம்ப்ரசர் போகும்போது பழி கம்பெனி மேல் விழும்.

வாயுவின் கதையும் மாறிவிட்டது. ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-22 வகையைப் புதிய கருவிகளின் உற்பத்தியில் பயன்படுத்த 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அனுமதி இல்லை. ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை; ஆனால் புவியைச் சூடாக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைப்போல் 2,088 மடங்கு. ஆர்-32-க்கு அது 675. இந்த ஆர்-32 மெல்லத் தீப்பற்றும் தன்மை உடையது. ஆர்-22-ஐப்போல் ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான அழுத்தத்தில் ஓடுவது. கேஜில் 65 பிஎஸ்ஐ பார்த்துப் பழகிய கண்ணுக்கு 120 என்பது தவறுபோல் தோன்றும். பழைய கேஜையும் பழைய ஹோஸையும் வைத்துக்கொண்டு புது வாயுவைத் தொடுவது ஆபத்து. கசிவைத் தேட நைட்ரஜனுக்குப் பதில் கைக்குக் கிடைத்த ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றுவது அதைவிடக் கொடுமை: எண்ணெயும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் கம்ப்ரசர் வெடிகுண்டாகும்.

இதையெல்லாம் தேர்வு வைத்துச் சரிபார்க்கும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவின்படி, 1994 நவம்பர் 14 முதல் குளிர்பதன வாயுவைக் கையாளும் டெக்னீஷியன் தேர்வெழுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். வாயுவைத் தெரிந்தே காற்றில் விடுவது குற்றம். ஒப்பந்ததாரர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் உரிமம் வாங்கப் பொதுவாக உரிமம் பெற்ற ஒருவரின்கீழ் 48 மாத அனுபவம் வேண்டும். அதில் இரண்டு வகுப்பு: பி வகுப்புக்காரர் 25 டன் வரையே குளிர்விப்பு வேலை எடுக்கலாம், ஏ வகுப்புக்கு வரம்பில்லை. இரண்டுக்கும் காப்பீடு கட்டாயம். செலவெல்லாம் வாடிக்கையாளர் தலையில்தான் விடியும் என்றாலும், வேலை கெட்டால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. இந்தியாவில் 2019-இல் வெளியான குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதை இலக்காகச் சொன்னது. நல்ல முயற்சி, ஆனால் சான்று இல்லாதவர் வேலை செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை.

விலைக்கு வருவோம். வாட்டர் சர்வீஸ் ஐந்நூறிலிருந்து எண்ணூறு, ஸ்பிளிட் மாட்டச் சுமார் ஆயிரத்தைந்நூறு, கேஸ் போட இரண்டாயிரத்தைந்நூறுக்கு மேல் என்பது சிறு நகரங்களில் பரவலாகக் கேட்கும் கணக்கு, சீசனில் கூடும். ஸ்டாண்டு, கூடுதல் செப்புக் குழாய், தடித்த சுவர் எல்லாம் தனி. புது ஏசிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-இல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மாட்டும் கூலியில் அந்தச் சலுகை எதுவும் தெரியவில்லை. கரண்ட் பில்லில் கவனிக்க வேண்டியது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோடு. அதைத் தாண்டினால் வீட்டு இணைப்பின் கட்டணப் படிநிலையே மாறிவிடும்.

பட்டியலில் பெரிய ஏமாற்று 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்பது. ஏசியில் வாயு பெட்ரோல்போல் செலவாகும் பொருள் அல்ல. மூடிய வட்டத்தில் சுற்றுவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் வருடாவருடம் நிரப்புவது மெக்கானிக்குக் கோடை வருமானம், வீட்டுக்காரருக்குத் தண்டம். எல்லாரும் அப்படியல்லர். சோப்பு நுரை தடவி ஒவ்வொரு நட்டாகப் பார்த்து, "லீக் அடைச்சாத்தான் கேஸ் போடுவேன், இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க" என்று எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களுடைய பிழைப்பும் லேசானதல்ல. சம்பாத்தியம் மார்ச்சிலிருந்து ஜூன் வரை. முப்பது நாற்பது கிலோ அவுட்டோரை மாடிச் சுவரின் வெளிப்பக்கம் இறக்கும்போது இடுப்பில் பெல்ட் இருப்பதில்லை. "அண்ணே, புடிச்சிக்கிட்டேன்" என்ற குரல்தான் பாதுகாப்பு. விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் அதே கடையில் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்த முறை மெக்கானிக் வரும்போது கூலியில் நூறு ரூபாய் குறைக்கப் பேசாமல், வேக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேளுங்கள். கொண்டுவந்திருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள்.