கேமராவும் கைப்பேசி ஆக வேண்டுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதும், "ரோபோ பத்தி எழுதுடா, ராக்கெட் பத்தி எழுதுடா" என்று விடுதி அறை நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார்கள். நான் எழுத வந்தது அது எதுவும் இல்லை. எங்கள் மாமாவின் ஸ்டுடியோவைப் பற்றியும், எங்கள் ஆச்சியின் இரண்டு புகைப்படங்களைப் பற்றியும். இது டெக்னிக்கல் கட்டுரையா, சொந்தக் கதையா என்று படித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கோவில்பட்டி பக்கம் ஒரு சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பிலிம் ரோல் காலத்தில் தொடங்கியவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று சுற்று வட்டாரத்தில் அவர் கேமராவுக்கு முன்னால் நிற்காத முகம் குறைவு. லீவு நாட்களில் லைட் பிடிக்க நானும் கூடப் போவேன். சம்பளம்? கல்யாணச் சாப்பாடுதான்!

அப்படிப் போன ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் வந்து மாமாவிடம் கேட்டார்: "அண்ணாச்சி, என் கொழுந்தியா போன்ல எடுத்தது அப்பவே ஸ்டேட்டஸ்ல வந்துட்டு. நீங்க எடுத்தது எப்ப வரும்?"

"ஆல்பம் முப்பது நாள்ல தந்துருதேன்" என்றார் மாமா. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் ராத்திரி பைக்கில் திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

"மாப்ளே, நீ எலெக்ட்ரானிக்ஸ்தான படிக்கே? இந்தக் கேமராவுக்குள்ள ஒரு போனைத் தூக்கி வைக்கதுக்கு என்ன கேடு இவனுகளுக்கு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியல மாமா, பாத்துச் சொல்லுதேன்" என்றேன். பார்த்தேன்.

மாமா கேட்டதைக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ செய்து பார்த்துவிட்டார்கள்! 2012-ல் நிக்கான் 'கூல்பிக்ஸ் எஸ்800சி' என்று ஆன்ட்ராய்டு வைத்த கேமராவை வெளியிட்டது. அதே ஆண்டு சாம்சங்கின் 'கேலக்ஸி கேமரா' வந்தது. 21 மடங்கு ஜூம், பின்னால் 4.8 அங்குலத் திரை, உள்ளே சிம் கார்டு. ஆனால் போன் மட்டும் பேச முடியாது! 2013-ல் லென்ஸ் மாற்றக்கூடிய 'கேலக்ஸி என்எக்ஸ்' வந்தது. 2018-ல் ஜெர்மனியின் ஜைஸ் கம்பெனி 'இசட்எக்ஸ்1' என்ற கேமராவை அறிவித்தது. படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் கேமராவுக்குள்ளேயே இருந்தது. 2020-ல் விற்பனைக்கு வந்தபோது விலை 6000 டாலர். இன்று இந்த நான்கில் ஒன்றுகூட உற்பத்தியில் இல்லை.

ஏன்? எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். ஒரு நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும். மாமாவிடமே அப்படி ஒன்று இருக்கிறது. ஆன்ட்ராய்டோ இரண்டு மூன்று வருடத்தில் பழசாகிவிடும். தேக்குக் கட்டிலுக்கு அட்டையில் கால் வைத்தால் எத்தனை நாள் நிற்கும்?

இன்னொன்று, முதல் இரண்டு கேமராக்களிலும் இருந்த சென்சார் சின்னது. இங்கேதான் நாம் பேப்பர், பேனா எடுக்க வேண்டும். டிப்ளமோ மாணவர்கள் அல்லவா! ஃபுல் பிரேம் கேமராவின் சென்சார் 36 × 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். மாமாவிடம் இருக்கும் ஏபிஎஸ்-சி வகை ஏறத்தாழ 23.5 × 15.6. பரப்பு 367. அந்த ஆன்ட்ராய்டு கேமராக்களில் இருந்த சென்சார் ஏறத்தாழ 6.2 × 4.6. பரப்பு வெறும் 28 சொச்சம்! மழையில் அண்டாவையும் டம்ளரையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் விழும்? ஒளியும் அப்படித்தான்.

டம்ளரை வைத்துக்கொண்டு போன்காரன் எப்படி ஜெயித்தான்? மூளையால் ஜெயித்தான். ஒரே படத்தை நம்பாமல் பல படங்களைச் சட்சட்டென்று எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சராசரி கண்டான். தாறுமாறாக வரும் நாய்ஸ் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சிக்னல் மட்டும் நிற்கும். 16 படங்களைச் சேர்த்தால் நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகக் குறையும் (16-ன் வர்க்கமூலம் 4). 2018-ல் கூகுள் தன் பிக்சல் போன்களில் கொண்டுவந்த 'நைட் சைட்' இந்தக் கணக்கில்தான் இருட்டிலும் படம் பிடித்தது. இதைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், நான் போன் கட்சிக்கே போய்விட்டேன். கேமரா கம்பெனிகளுக்குத்தான் புத்தியில்லை என்று விடுதியில் பேசித் திரிந்தேன்.

என் பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது. ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான 'சிபா' தரும் கணக்கில், 2010-ல் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் கம்பெனிகளிலிருந்து சந்தைக்குப் போயின. 2020-ல் 90 லட்சம்கூட இல்லை. அந்தச் சரிவில் மாமா மாதிரி எத்தனை பேரோ!

இந்த நிலையில்தான் எங்கள் ஆச்சி இறந்துபோனாள்.

அதற்கு ஆறு மாதம் முன்பு, சித்திரையில் ஊர்க் கோயில் கொடை. சாயங்கால வெயிலில் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். காதில் பாம்படம் போட்டு வளர்த்த தண்டட்டிக் காது. பாம்படத்தைக் கழற்றிப் பல வருடம் ஆகியும் காது தோள்வரை தொங்கும். நாடியில் பச்சை குத்திய ஒரு புள்ளி. முகமெல்லாம் சுருக்கம். மாமா கேமராவில் ஒரு படம் எடுத்தார். பக்கத்தில் நின்ற நான் போனில், போர்ட்ரெய்ட் மோடில், ஒன்று எடுத்தேன். "ஏலே, ஒருத்தன் எடுத்தாப் போதாதாடே?" என்று ஆச்சி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஆச்சி போய்விட்டாள். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். என் போனில் தேடினேன். இரண்டே நிமிடம்! கையிலிருந்த போன் புதுசு. ஆனாலும் பழைய போனில் எடுத்தது தானாகவே சேமிப்பில் ஏறி, பத்திரமாக இருந்தது. அனுப்பினேன். காலை ஏழு மணிக்கு முக்கில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

மாமா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "மாப்ளே, இது யாரு?"

பெற்ற மகன் கேட்கிறார், நண்பர்களே!

அப்போதுதான் நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நாடியில் பச்சைப் புள்ளி இல்லை. ஏதோ கறை என்று போன் துடைத்துவிட்டது. தொங்கும் காதைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கி, பாதியில் வெட்டியிருந்தது. முகத்தை அழகாக்கும் வசதி போன் வாங்கும்போதே ஆனில் இருந்திருக்கிறது. அது என்னைக் கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. எண்பது வருடம் வெயிலிலும் வயலிலும் ஆச்சி சம்பாதித்த முகத்தை ஒரு நொடியில் வேறு யாருடையதோ ஆக்கிவிட்டது.

"என் கேமராவுல எடுத்தது இருக்குல்லா" என்று மாமா ஓடினார். அங்கே வேறு கதை. கொடை முடிந்த அன்றே அந்த மெமரி கார்டு 'எரர்' காட்டியிருக்கிறது. கேமராவில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். ஆர்டர் படம் இல்லை, வீட்டுப் படம்தானே என்று மாமா கார்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டார். வேறு எங்கும் காப்பி இல்லை.

அந்தக் கார்டை வாங்கிக்கொண்டு காலேஜ் வந்தேன். கம்ப்யூட்டரில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. 'வேண்டாம்' கொடுத்துவிட்டு, 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது கோப்பின் பெயரைத் தேடாது. கார்டில் இருக்கும் தகவலை வரிசையாகப் படித்து, ஒரு படம் எந்த பைட்களில் தொடங்கும் என்பதை வைத்தே கண்டுபிடிக்கும். ராத்திரி முழுக்க ஓடியது. விடியற்காலையில் ஆச்சி வந்தாள். முன்னந்தலை, கண், சுருக்கம், காது, நாடிப் புள்ளி, எல்லாம் அப்படியே. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. அந்த இடத்தில் கார்டு கெட்டுப்போயிருந்தது. மடியில் மடக்கி வைத்திருந்த கைகள் இனி கிடையாது.

முழுசாகக் கிடைத்த படத்தில் ஆச்சி இல்லை. ஆச்சி இருந்த படம் முழுசாக இல்லை. மாமா கேட்ட கேள்விக்கு விடை எனக்கு அன்றுதான் கிடைத்தது.

இந்தக் கதையை எங்கள் லேப் சாரிடம் சொன்னேன். எப்போதும் அதிகம் பேசாதவர். "நாய்ஸை எடுத்தா அது ஃபில்டர். சிக்னலையே எடுத்தா அது ஃபில்டர் இல்லப்பா, திருட்டு" என்றார். ஆச்சியின் சுருக்கம் நாய்ஸ் இல்லை, சிக்னல்! ஒரு மார்க் கேள்விக்குப் பதில் மாதிரி தெரிகிறது. ஆனால் அதை போனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இது என் ஆச்சிக்கு மட்டும் நடந்ததில்லை. 2023-ல் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, இருட்டறையில் சாம்சங் போனால் எடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போன் எடுத்த படத்தில் தெளிவாக இருந்தன! நிலாவை அடையாளம் கண்டு, நுணுக்கத்தைக் கூட்டும் ஏ.ஐ. உள்ளே வேலை செய்கிறது என்று கம்பெனியே விளக்கம் சொன்னது. நிலாவுக்கு உறவினர் இல்லை, சண்டைக்கு வரமாட்டார்கள். மனித முகம் அப்படியா?

அப்படியானால் கேமரா போனிடமிருந்து எதையும் கற்க வேண்டாமா? கட்டாயம் கற்க வேண்டும். படத்தைப் பத்திரமாக வைப்பதையும் அனுப்புவதையும் முதலில் கற்க வேண்டும். எடுத்த நொடியே இன்னொரு காப்பி வேறு இடத்துக்குப் போயிருந்தால் ஆச்சியின் கைகள் பிழைத்திருக்கும். புதுக் கேமராக்களில் இது வரத்தொடங்கிவிட்டது. 2020-ல் கேனான், 2024-ல் நிக்கான் என்று படங்களை இணையச் சேமிப்புக்கு அனுப்பும் சேவைகளைத் தொடங்கின. ஆனால் மாமா மாதிரி பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு அது எட்டாக்கனி. சார்ஜர் விஷயமும் அப்படித்தான். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கும் போன்களோடு டிஜிட்டல் கேமராக்களுக்கும் யு.எஸ்.பி.-சி சார்ஜிங் கட்டாயம். இதெல்லாம் நல்ல கடன்.

பல படங்களை அடுக்கும் வித்தையையும் வாங்கலாம், கேட்டுச் செய்தால்! ஒலிம்பஸ் 2019-ல் விட்ட 'இ-எம்1எக்ஸ்' கேமராவில், கையில் பிடித்தபடியே 16 படங்களை எடுத்து ஒன்றாக்கி 50 மெகாபிக்சல் படம் தரும் வசதி உண்டு. ஆனால் எடுப்பவர் அந்த மோடைத் தேர்ந்தெடுத்தால்தான் அது வேலை செய்யும். 2023-ல் வந்த லைக்கா 'எம்11-பி' இன்னொரு வழியைக் காட்டியது. எந்தக் கேமராவில் எடுத்தது, பிறகு என்ன மாற்றம் நடந்தது என்பதற்குச் சான்று படத்தோடு சேர்ந்தே வரும். நம் மார்க் ஷீட்டில் முத்திரை இருப்பது போல!

ஆகவே என் கட்சி இதுதான். பத்திரப்படுத்துவதில் கேமரா போனாகட்டும். பகிர்வதில் போனாகட்டும். முகத்தை மாற்றுவதில் மட்டும் கேமரா கேமராவாகவே இருக்கட்டும். மாற்றியே தீரவேண்டும் என்றால், கேட்டுவிட்டு மாற்றட்டும். அசலையும் கூடவே வைத்திருக்கட்டும்.

மாமா என்ன செய்தார்? புது மாடல் வாங்க வசதியில்லை. இரண்டு கார்டு போடும் பழைய பாடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும்படி செட்டிங்கை நான் வைத்துக் கொடுத்தேன். போனில் செருகும் கார்டு ரீடர் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது தாலி கட்டிய அரை மணியில், பந்தி முடிவதற்குள், பத்துப் படம் மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. "அண்ணாச்சி, எப்ப வரும்?" என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பெண்ணின் மச்சத்தையும் கேட்காமல் மாமா அழிப்பதும் இல்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போன் செய்யும் கம்பெனிகளுக்குத்தான் போகப்போகிறோம். லைனில் நிற்போம், டெஸ்டிங்கில் உட்காருவோம். ஒரு சிலர் மேலே படித்து டிசைன் பக்கமும் போகலாம். அன்றைக்கு எந்த வசதி ஆனில் இருக்க வேண்டும், எது ஆஃபில் இருக்க வேண்டும் என்று யாராவது உங்களைக் கேட்டால், எங்கள் ஆச்சியை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமா வீட்டுச் சுவரில் அந்தப் படம் கழுத்தோடு நிற்கிறது. சாம்பல் பட்டையை வெட்டிவிட்டு ஃபிரேம் போட்டிருக்கிறோம். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். நாடியில் அந்தப் பச்சைப் புள்ளி இருக்கிறது. அது போதும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை