ஒதுங்க ஓர் இடம்: மடுல்சீமை முதல் மட்டக்களப்பு வரை

மடுல்சீமைக்கு இப்போதெல்லாம் விருந்தாளிகள் அதிகம். பிட்டமாருவப் பக்கத்திலுள்ள மலை விளிம்புக்குச் 'சின்ன உலக முடிவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் வேறு கரையோர ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் கூடாரங்களோடு வருகிறார்கள். இரவு தங்கி, பள்ளத்தாக்கை மூடிக் கிடக்கும் மேகத்துக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அல்லாஹ்வின் படைப்பழகைக் காண வருவது நல்ல காரியம்தான். ஆனால், அந்த இரவில் அங்கே தங்கியவர்கள் காலைக்கடனை எங்கே முடித்தார்கள்?

நாகரிகமில்லாத கேள்வி என்று முகம் சுளிக்க வேண்டாம். மலையில் வாழ்பவர்களால் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. தோட்டத்து லயங்களில் பலவற்றுக்கு மேலேயுள்ள ஊற்றுகளிலிருந்துதான் குழாய் வழியே தண்ணீர் இறங்கி வருகிறது. ஊற்றுக்கு மேலே ஒருவர் ஒதுங்கினால், அடுத்த மழையில் அது எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

அது லயத்தோடு நின்றுவிடுவதுமில்லை. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் கல்லோயா, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, அம்பாறை வயல்களுக்குப் பாய்ந்து, கிழக்குக் கடலில் சேர்கிறது. மலையிலுள்ளவன் கை கழுவும் தண்ணீரில்தான் சமவெளியிலுள்ளவன் சோறாக்குகிறான்.

தோட்டங்களுக்கு இது புதிய பாடமல்ல. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலம் விழுந்த ஈரமண்ணில் வளரும் அந்தப் புழுக்குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறி, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். கொழுந்து பறிக்கும் பெண்கள் சோகை பிடித்துச் சோர்ந்து விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மருந்து கொடுத்தால் புழு போகும். ஆனால் மலசலகூடம் இல்லையென்றால் திரும்பவும் வரும். நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்துகொண்ட உண்மை இது.

நாமும் பயணிகள்தான்

மலைக்கு வருகிறவர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பாடசாலை விடுமுறை வந்தால் மலையிலிருந்து வான் பிடித்துக்கொண்டு கடலுக்கு இறங்குகிறவர்கள் நாமும்தானே!

மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கினால் ஏ5 பெருந்தெரு கிடைக்கும். பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று மலையேறி வரும் பாதை அது. பசறையைத் தாண்டி லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகா ஓயா என்று சமவெளியில் இறங்கி, செங்கலடியில் போய் முடிகிறது. போர் நடந்த ஆண்டுகளில் மக்கள் போகத் தயங்கிய பாதை. 2009இல் போர் முடிந்த பிறகு கல்லடிக் கடற்கரைக்கும் பாசிக்குடாவுக்கும் இந்த வழியாகத்தான் மலையகத்து வண்டிகள் வரிசையாகப் போகின்றன.

பிபிலை வரைக்கும் கவலையில்லை. பசறை, லுணுகலை, பிபிலை ஆகிய நகரங்களில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. முஸாபிருக்கு அங்கே வுழூச் செய்யத் தண்ணீர் உண்டு, ஒதுங்க இடம் உண்டு, தொழுது இளைப்பாற நிழல் உண்டு. மகா ஓயாவுக்கு அப்பால் காடு சூழ்ந்து கொள்கிறது. யானை நிற்கும் பாதையில் "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சாரதியிடம் சொல்லவும் பயம். ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். பெண்கள் என்ன செய்வது?

பெண்கள் செய்வது எல்லோருக்கும் தெரியும். முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். எங்கள் உம்மாவுக்குச் சீனி வருத்தம். அடிக்கடி போக வேண்டிய உடம்பு. பயணம் என்றால் அவரும் தேநீரைக்கூடத் தொடமாட்டார். வெயில் நேரத்தில் நீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் போவது சிறுநீர்ப்பாதையில் கிருமித் தொற்றை வரவழைக்கும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது இன்னும் எளிதில் பற்றிக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கு அது குழந்தையையும் பாதிக்கலாம். ஒரு மலசலகூடம் இல்லாததன் விலையைப் பெண்கள் தங்கள் உடம்பால் கட்டுகிறார்கள்.

கரையில் கண்ட கிணறு

ஒரு டிசம்பர் மாதப் பயணத்தில் நாங்கள் செங்கலடியைத் தாண்டும்போது உம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டோம். "பழுதாகிக் கிடக்கு" என்றார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. அடுத்து ஒரு பள்ளிவாசல். பெண்களுக்கென்று தனியிடம் அங்கே இருக்கவில்லை. வாசலில் தயங்கி நின்ற எங்களைப் பார்த்து எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் வெளியே வந்தார்.

"உள்ளுக்கு வாங்க மகள். இதுல வெட்கப்பட என்ன கிடக்கு? உம்மாவக் கூட்டி வாங்க."

அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும்! உம்மாவை அழைத்துப் போய், வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்து, பிறகு பாயும் விரித்தார். முற்றத்தில் கிணறு இருந்தது. கை கழுவக் கயிற்றைப் பிடித்தேன். அவர் தடுத்தார்.

"வாய்க்கு எடுக்காதீங்க மகள், கை கால் கழுவ மட்டுந்தான். மாரியில குழியும் கிணறும் ஒண்டாயிடும். குடிக்கிறதுக்குப் பைப்புத் தண்ணி இருக்கு. அது வராத நாளையில காசுக்குத்தான் வாங்குற."

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவே எண்ணிப் பார்த்தால் இருபது எட்டுக்கூட இராது. அடுத்த வீட்டின் குழி இன்னும் அருகில், வேலிக்கு அப்பால். வளவு சிறியது, வேறு எங்கே தோண்டுவது?

மட்டக்களப்புக் கரையின் நிலை இதுதான். ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே மணல் திட்டு. மண்ணுக்குள் சில அடி ஆழத்திலேயே நல்ல தண்ணீர். மணல் தண்ணீரைச் சீக்கிரம் வடிய விடும். குழியிலிருந்து கசியும் அழுக்கையும் அதே வேகத்தில் விடும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலெழுந்து குழியின் அடியைத் தொட்டுவிடும். காத்தான்குடி, ஏறாவூர் போன்று வீட்டுக்கு வீடு சுவர் உரசும் ஊர்களில் குழியும் கிணறும் அண்டை வீட்டார் போல் அருகருகே இருக்கின்றன. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், ஒரு வகைச் செங்கமாரி ஆகியவை பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்தக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகளை உப்பும் மலக்கழிவும் கலந்து கெடுத்ததை நாம் மறந்துவிடவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஐம்பது பேர் வந்த ஒரு பஸ், கரையோரப் பள்ளிவாசல் ஒன்றில் அரைமணி நேரம் நிற்கிறது. ஆளுக்குப் பத்து லீற்றர் தண்ணீர் ஊற்றினாலும் ஐந்நூறு லீற்றர்! விடுமுறை நாளில் அப்படிப் பத்து பஸ்கள் வந்தால்? ஒரு குடும்பத்துக்கோ சிறிய ஜமாஅத்துக்கோ கட்டிய குழி என்ன செய்யும்? நிரம்பி வழியும். நாம் கடலைப் பார்த்துவிட்டு மலையேறி விடுவோம். நம் கழிவு அந்த மூதாட்டியின் கிணற்றில் இருக்கும்.

வீட்டையே இழுத்துச் செல்பவர்கள்

அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்களில் சிலர் விடுமுறையில் 'கரவன்' எனப்படும் வண்டி வீட்டில் ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, மலசலகூடம் எல்லாம் அதற்குள்ளேயே. மலக்கழிவுக்கு ஒரு தொட்டி. பெரிய வண்டிகளில் குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும் இன்னொரு தொட்டி. சில நாட்களில் தொட்டி நிரம்பிவிடும். அதை வீதியோரத்திலோ கடற்கரையிலோ திறந்துவிட்டால் அபராதம்தான்.

அதற்காகவே கழிவு இறக்கும் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். வண்டிகள் தங்கும் திடல்களிலும், பெருந்தெரு ஓய்விடங்களிலும், சில எரிபொருள் நிலையங்களிலும் அவை இருக்கும். நிலத்தில் மூடியுள்ள ஒரு துவாரம், அருகில் கழுவுவதற்கு ஒரு குழாய், அவ்வளவுதான். துவாரத்தின் கீழே நகரத்தின் கழிவுநீர்க் குழாயோ, முறையாகக் கட்டிய பெருந்தொட்டியோ இருக்கும். முதலில் மலத்தொட்டியைத் திறப்பார்கள். பிறகு குளித்த நீரைத் திறந்து அதனாலேயே குழாயைக் கழுவிவிடுவார்கள். நாற்றத்தை அடக்கப் போடும் இரசாயனத்திலும் கவனம் வேண்டும். போர்மலின் வகை மருந்துகள், தொட்டியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

கரையோர நகரங்களில் இந்த நிலையத்தைக் கண்டுபிடிப்பது அங்கேயும் இலேசல்ல. கூட்டம் அதிகம், நிலம் விலை அதிகம். ஆகவே புறப்படுமுன் வரைபடத்தில் அதைக் குறித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். எங்கே சாப்பிடுவது என்பதோடு, எங்கே கழிவை இறக்குவது என்பதும் அவர்களுடைய பயணத் திட்டத்தில் ஒரு பகுதி.

நம்மிடம் கரவன் இல்லை. ஆனால் கேள்வி நமக்கும் உண்டு. இலங்கையில் குழாய் வழிக் கழிவகற்றல் கொழும்பின் பழைய பகுதிகளுக்கும் வேறு சில இடங்களுக்கும் மட்டுமே உரியது. அந்தக் கொழும்பிலும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கழிவைக் கடலுக்குள் கொண்டுபோய் விடும்படிதான் குழாய் அமைத்தார்கள். 1924இல் பதுளையை எட்டிய மலையக ரயில் பாதையில் ஓடிய பழைய பெட்டிகளின் மலசலகூடத் துவாரம் நேரே தண்டவாளத்தைப் பார்த்தது. அந்தத் தண்டவாளத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்தார்கள். இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் ரயில் பெட்டிகளின் கீழே நுண்ணுயிர்த் தொட்டிகளைப் பொருத்தி அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

மற்றைய எல்லோருக்கும் குழிதான். குழி நிரம்பினால் பவுசர். அந்தப் பவுசர் உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? உள்ளூராட்சி சபை ஒதுக்கிய இடத்தில் ஊற்றினால் நல்லது. இரவோடு இரவாக வாய்க்காலில் ஊற்றினால், நாம் காசு கொடுத்து அழுக்கை அயலவருக்கு அனுப்பியதாகத்தானே ஆகும்?

தூய்மை தனக்கு மட்டுமா?

நீர்நிலை, மக்கள் நடக்கும் வழி, அவர்கள் இளைப்பாறும் நிழல் ஆகிய இடங்களில் மலசலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்திருக்கிறார்கள். இந்த இடங்களைக் கவனியுங்கள். எல்லாமே பிறர் பயன்படுத்தும் இடங்கள். தன் உடம்பைச் சுத்தம் செய்துகொள்வதோடு தூய்மை முடிந்துவிடுவதில்லை. தன் அழுக்கு அடுத்தவரைத் தொடாமல் பார்ப்பதும் அதில் அடங்கும்.

அடுத்த விடுமுறைக்குப் புறப்படும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் சில வார்த்தைகள்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிறுத்தலாம் என்று புறப்படுமுன்பே சாரதியோடு பேசி வையுங்கள். காடு தொடங்குமுன் பிபிலையிலோ மகா ஓயாவிலோ எல்லோரும் போய்வந்துவிடுவது நல்லது. ஒரு போத்தல் தண்ணீர், சவர்க்காரம், ஒரு சிறு விளக்கு கையில் இருக்கட்டும். குழந்தையின் பம்பர்ஸையும் மாதவிடாய்த் துணிகளையும் மலசலகூடக் குழிக்குள் போடாதீர்கள். அவை மக்காமல் அடைத்துக்கொள்ளும். காட்டிலும் வீசாதீர்கள். பையில் கட்டி எடுத்துவந்து குப்பை சேர்க்கும் இடத்தில் போடுங்கள். ஒதுங்கிய பள்ளிவாசலின் உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள். குழியைத் துப்புரவாக்கும் செலவு அந்த ஊர் ஏழைகளின் பணத்தில் போக வேண்டுமா?

பாதையோரப் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பெண்களுக்கு ஒரு தனியறை, உள்ளே தாழ்ப்பாள், ஒரு விளக்கு, ஒரு மூடியுள்ள கூடை ஆகிய நான்கும் போதும். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் குழி தோண்டுவது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். டிசம்பர் விடுமுறை தொடங்குமுன், மழைக்கு முன்பாகவே, குழியை வெறுமையாக்கி வையுங்கள்.

மடுல்சீமைக்குக் கூடாரம் தூக்கி வரும் தம்பிமாருக்கும் இதுவே செய்தி. ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் நன்றாகத் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூடுங்கள். கீழே லயத்தில் ஒரு தாய் அந்தத் தண்ணீரைத்தான் குழந்தையின் பாலுக்குக் காய்ச்சுகிறாள்.

நம் பிள்ளைகளுக்கு ஊர்களின் பெயரையும் கடலின் அழகையும் காட்டிக் கொடுக்கிறோம். திரும்பும்போது அந்த ஊரின் தண்ணீரை இருந்தபடியே விட்டுவரவும் அவர்களுக்குப் பழக்கிக் கொடுப்போம்.