அட்டையில் ஒரு விலை, கையில் ஒரு விலை

கொழும்பு வெள்ளவத்தையில் தமிழகத்துச் சஞ்சிகை ஒன்றைக் கையில் எடுத்தேன். அட்டையில் 30 ரூபாய். கடைக்காரர் கேட்டது 200. “என்ன அண்ணை, பகல் கொள்ளையா?” என்றேன். “அது இந்தியக் காசு, தம்பி” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் எங்கள் இலங்கைக் காசில் ஏறத்தாழ 2.70. இலங்கையின் பொருளாதார நெருக்கடி முற்றிய மே மாதத்தில் அது நாலரையைத் தாண்டியது. இப்போது இறங்கியிருந்தாலும் பழைய இடத்துக்கு வரவில்லை.

அதோடு முடிந்ததா? விமானக் கூலி எடைக்குத்தான். வழவழப்பான தாள் கனக்கும். இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் என்று ஆளுக்கொரு கழிவு. விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பினால் கூலி விலையை மிஞ்சும். அந்த நட்டமும் விற்ற பிரதியின் தலையில்தான்.

இன்னொன்று: தமிழகத்தில் அட்டை விலையைத் தாங்கிப் பிடிப்பது விளம்பரக் காசு. சென்னை நகைக்கடை விளம்பரத்தால் கொழும்பு இறக்குமதியாளருக்கு ஒரு சதமும் வராது.

அட்டையில் அச்சிட்ட விலை அச்சிட்ட ஊருக்குத்தான். அடுத்த முறை கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.