என் தந்தையின் கியர்ப் பெட்டி

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

"உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" கல்லூரியில் சேர்ந்த புதிதில், மின்தொடர் வண்டியில் நண்பன் ஒருவன் கேட்டான். "கம்பெனியில்" என்றேன். தாம்பரம் முடிச்சூர் சாலையில், தகரக் கொட்டகையின் கீழ், எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் என் தந்தையை அந்த ஒரு சொல்லில் மறைத்துவிட்டேன். அது நெஞ்சில் முள்ளாய் உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்ற ஆண்டு நண்பர்களோடு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குச் சென்றேன். அது 1990-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. திரும்பும் வழியில் பேச்சு கோவை நரேன் கார்த்திகேயனைப் பற்றி வந்தது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபுஜி தளத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ்-ஜிடி காரை ஓட்டி வெற்றி பெற்றார். அந்தக் காரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அதன் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். எடை நடுவில் குவிவதால் வளைவுகளில் வண்டி சட்டென்று திரும்பும். 2016-இல் விற்பனைக்கு வந்த சாலைக் காரில் 3.5 லிட்டர் எஞ்சின், 3 மின் மோட்டார்கள், 9 கியர்கள், 2 கிளட்சுகள். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சு, இரட்டைப்படைக்கு மற்றொன்று. ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது ஆயத்தமாக நிற்கும்.

இந்தக் காரைப் பந்தயத்துக்கென மாற்றி 2017-இல் களமிறக்கிய ஜிடி3 வகையிலோ மின் மோட்டார்களும் இல்லை, இரட்டைக் கிளட்சும் இல்லை. வரிசைமுறையில் மாறும் 6 கியர்கள் மட்டுமே. நரேன் ஓட்டிய காரிலும் அவ்வகைப் பெட்டிதான்.

வரிசைமுறை என்றால் என்னவென்று தந்தையைக் கேட்டேன். பிரித்து வைத்திருந்த பைக் கியர்ப் பெட்டியைக் காட்டினார். "இதுல மூணுலேருந்து நேரா ஒண்ணுக்குத் தாவ முடியுமா? ரெண்டைத் தாண்டித்தானே வரணும்? அதுவும் இதே ரகந்தாம்பா."

டிரம் சுழலும், அதன் பள்ளத்தில் ஓடும் ஃபோர்க் பற்சக்கரத்தை நகர்த்தும், சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் பற்கள் அடுத்த சக்கரத்தைக் கவ்வும். சாதாரணக் காரில் வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையம் இதில் இல்லை. அதனால் மாற்றம் கண நேரத்தில் முடிகிறது. தேய்ந்த பல் ஒன்றை விரலால் தடவி, "இந்த முனை மழுங்கினா கியர் நிக்காது, எகிறிடும்" என்றார்.

நண்பர்களே! உலகமே வியக்கும் காரின் பந்தயப் பெட்டிக்கு உறவுக்காரன் எங்கள் கொட்டகையில் இருந்தான். மூன்றாண்டு இயற்பியல் படித்த எனக்குத் தெரியாததை, எட்டாம் வகுப்போடு நின்றவர் விரல் நுனியில் வைத்திருந்தார். நான் எதை எண்ணி வெட்கப்பட்டேன்?

மறுநாள் அதே வண்டியில் அதே நண்பனிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படியா? என் பைக்கில் மூன்றாவது கியர் நிற்பதில்லை, அப்பாவிடம் காட்டலாமா?" என்றான்.

ஞாயிறன்று வந்தான். தந்தை பெட்டியைப் பிரித்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றேன்.